பெட்டியிலிருந்து ஏதாவது ஒரு புத்தகம்

கல்யாணமாகி ஏழாவது மாதத்தில் என் கணவர் புத்தகம் வாங்கப் போய் ஜெயிலுக்குப் போனார். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். இப்போதெல்லாம் நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். அப்போது சிரிக்க முடியவில்லை.

நாங்கள் கல்வராயன் மலையில் கரியாலூரில் குடியிருந்தோம். அவர் பக்கத்துக் குக்கிராமத்தில் ஓராசிரியர் பள்ளி வாத்தியார். ரிஷிவந்தியம் பக்கத்துக்காரர். நான் மணலூர்பேட்டைப் பெண். கரும்புக் கொல்லையும் ஆற்று மணலும் பார்த்து வளர்ந்தவளுக்கு மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவே நாளாயிற்று. பத்தாவது வரை படித்திருந்தேன். பரீட்சைக்குப் பிறகு எந்தப் புத்தகத்தையும் தொட்டதில்லை, தொட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அவருக்கு அப்படியில்லை. எங்கள் குடித்தனத்தில் இருந்த பெரிய சாமான் ஒரு தகரப் பெட்டி. அதில் துணிமணி இருக்கும் என்று நினைத்துத்தான் முதல் நாள் திறந்தேன். முழுக்கப் புத்தகம். கள்ளக்குறிச்சியில் பழைய பேப்பர் கடைக்காரர் ஒருவர், எடைக்கு வந்த புத்தகங்களை இவருக்கென்று எடுத்து வைப்பார். மாதம் ஒரு முறை இவர் இறங்கிப் போய் வாங்கி வருவார். இன்ன புத்தகம்தான் வேண்டும் என்று கணக்கே கிடையாது. விஞ்ஞானமும் இருக்கும், சாமி சமாச்சாரமும் இருக்கும், ராஜாக்கள் சண்டையும் இருக்கும், அட்டை போன கதைப் புத்தகமும் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒன்றைப் பிரித்துவிடுவார். சாப்பாடு போட்டுவிட்டுக் கூப்பிட்டால், "தோ வரேன்" என்பார். அந்த "தோ" முடிவதற்குள் சோறு ஆறிப்போகும். கோபக்காரர் இல்லை, குடிப்பவர் இல்லை, என்னை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. ஆனால் ஏழு மாதத்தில் நாங்கள் பேசிய பேச்சை எழுதினால் ஒரு போஸ்ட் கார்டு நிரம்பாது.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கீழே ஊர்களில் கூட்டம், ஊர்வலம், மறியல் என்று எப்போதும் ஏதாவது ஒன்று. என் கணவர் அதற்கெல்லாம் போனவர் இல்லை. அவங்க கேக்கறது நியாயந்தான் என்று ஒரு தடவை வீட்டில் சொன்னார், அவ்வளவுதான். ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். அது தொடங்குவதற்கு முந்தின நாள் புத்தகக் கட்டு வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார்.

"மறியல் முடிஞ்சி போனா ஆகாதா?" என்றேன்.

"காலைல போய்ட்டு மறு பஸ்ஸுல வந்துடுவேன் புள்ள. கடக்காரரு ரொம்ப நாளு வச்சிக்கினு இருக்க மாட்டாரு."

நான் மேலும் தடுத்திருக்கலாம். தடுக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு நாள் தள்ளிப்போய் இரண்டரை மாதம் ஆகியிருந்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அவர் கள்ளக்குறிச்சியிலிருந்து திரும்பும்போது நல்ல மனநிலையில் வருவார், அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அதற்காகவே வெல்லம் எடுத்து வைத்திருந்தேன்.

அவர் அன்று வரவில்லை. மறுநாளும் பஸ் வரவில்லை. கீழே ரோட்டோரப் புளியமரங்களையெல்லாம் வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது.

நான்காம் நாள் காலை எனக்கு வலி வந்தது.

எங்கள் வீட்டுக்காரம்மா மலைக்காரர். நாற்பது வயதிருக்கும். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கணவர் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர், வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்று இரண்டு ஆட்களை அழைத்து வந்தார். அவர்களில் ஒருவர் முந்தின நாள்தான் கீழே போய்த் திரும்பியிருந்தார்.

"இறங்கிட்டு இன்னா பண்றது? அடிவாரத்துல இருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் மரமாக் கெடக்குது. ஒரு வண்டி இல்ல. தூக்கிக்கினே போனா வழியிலயே எதனா ஆயிடும்" என்றார்.

அக்கா அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். அன்று பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இருந்த கடுக்காய் மரத்தடியில் அக்காவே குழி எடுத்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தேன். அழுகை வரவில்லை. அடுக்களையில் வெல்லம் எறும்பு மொய்த்துக் கிடந்தது. அதைத் தூக்கிப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மறியலுக்கு முந்தின மாலையே பஸ்ஸை நிறுத்திவிட்டதால் என் கணவர் கள்ளக்குறிச்சியிலேயே ஒரு நாள் தங்கியிருக்கிறார். மறுநாள் புத்தகக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே மலைக்குக் கிளம்பியிருக்கிறார். மரம் வெட்டிப் போட்டிருந்த இடத்தைத் தாண்டும்போது போலீஸ் வந்து அங்கே இருந்த ஆண்களையெல்லாம் வேனில் ஏற்றிவிட்டது. வாத்தியார் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். புத்தகக் கட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

கண்டக்டர் போனதும் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. போலீஸ் மேல் இல்லை, மரம் வெட்டியவர்கள் மேலும் இல்லை. அந்தத் தகரப் பெட்டி மேல். அக்காவிடம், "இத்தனையும் எடுத்துக்கினு போய் அடுப்புக்கு வச்சிக்கோங்க" என்றேன்.

அக்கா பெட்டியை ஒரு தரம் பார்த்தார். "காயிதம் நின்னு எரியாது. குபுக்குனு போயிடும்" என்று சொல்லிவிட்டு விறகு பொறுக்கப் போனார்.

ஒரு வாரம் கழித்துப் போஸ்ட் கார்டு வந்தது. ஜெயில் முத்திரை குத்தியிருந்தது. நான் நலம், நீ தைரியமாக இரு, அக்காவைத் துணைக்கு வைத்துக்கொள் என்று எழுதியிருந்தார். பிறகு, மனு பார்க்க வரும்போது பெட்டியிலிருந்து ஏதாவது ஒரு புத்தகம் எடுத்து வா, எதுவானாலும் சரி.

கைதியைப் பார்க்க எழுதிக் கொடுத்துக் காத்திருப்பதை அங்கே மனு என்பார்கள். அந்தச் சொல்லைக்கூட நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

என் அப்பா வந்து ஊருக்குக் கூப்பிட்டார். நான் போகவில்லை. கடுக்காய் மரத்தை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அதை அப்பாவிடம் சொல்ல முடியாது. "அவரு பெட்டியில இருந்து புத்தகம் கேட்டிருக்காரு, நான் இங்க இருந்தாத்தான் எடுத்துக்கினு போவ முடியும்" என்றேன். அப்பா ஜெயிலுக்குப் போகிற வழியை விசாரித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் தடவை போகும்போது வேண்டுமென்றே, பெட்டியிலேயே ரொம்பச் சப்பென்று இருந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். மண்புழுவைப் பற்றிய விஞ்ஞானப் புத்தகம். அட்டையில் கறுப்பு வெள்ளையில் ஒரு புழு. படிக்கட்டும், நல்லாப் படிக்கட்டும் என்று பையில் போட்டேன்.

மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, கள்ளக்குறிச்சியில் மாறி, உளுந்தூர்பேட்டையில் மறுபடி மாறி, கடற்கரைப் பக்கத்து ஊர் போய்ச் சேர நடுப்பகல் தாண்டிவிடும். ஜெயிலில் முதலில் ஒரு சோதனை அறை. அங்கே மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். கொண்டுபோன பொருளையெல்லாம் வாங்கிப் பார்ப்பார். புத்தகத்தை முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறினார். உள்ளே கடிதம் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

"மண்புழுவா?" என்றார்.

"ஆமாங்க."

"பார்த்துட்டு நாளைக்கு உள்ள அனுப்பறேன்" என்று மேசை மேல் வைத்துக்கொண்டார்.

பார்க்கும் இடத்தில் இரண்டு கம்பி வலைகள். நடுவே ஓர் ஆள் நடக்கிற அகலம், அதில் ஒரு வார்டர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் இருபது ஆண்கள், இந்தப் பக்கம் இருபது குடும்பம். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசினார்கள். என் கணவர் தாடியோடு நின்றார். நான் பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். நீ புத்தகம் வாங்கப் போன வாரத்தில் என்ன நடந்தது தெரியுமா என்று தொடங்க வேண்டும். மரியாதைகூடக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

"நல்லா இருக்கியா?" என்று கத்தினார்.

என் பக்கத்தில் நின்ற அம்மாள் தன் மகனைப் பார்த்து, "மாடு கன்னு போட்டுடுச்சிடா! கெடேரி!" என்று கூவினாள். அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அந்த இரைச்சலில் என்னுடையதைக் கத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இருக்கேன்" என்று கத்தினேன். "புத்தகம் குடுத்திருக்கேன்!" அதற்குள் மணி அடித்துவிட்டது.

அடுத்த வாரம் போனபோது அவர் முகமே வேறாக இருந்தது. வலையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள, அந்தப் புத்தகத்தால உள்ள ஒரே சண்ட!" என்றார்.

அவரோடு இருந்தவர்கள் பாதிப் பேர் பயிர் வைப்பவர்கள். இவர் அவர்களுக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார். மண்புழு ஒரு நாளில் எவ்வளவு மண்ணைத் தின்று கழிக்கிறது என்று அதில் எழுதியிருந்ததாம். ஒருவர், அதெல்லாம் பொய், நான் பிறந்ததிலிருந்து மண்ணைக் கிளறுகிறேன் என்றிருக்கிறார். இன்னொருவர், பொய்யில்லை, நான் மூட்டை மூட்டையாக உரம் போட ஆரம்பித்த பிறகு என் கொல்லையில் புழுவே இல்லை, மண்ணும் கல்லாகிவிட்டது என்றிருக்கிறார். இரண்டு நாள் சாப்பாட்டு வரிசையில்கூட அதே பேச்சு. கடைசியில் வெளியே போனதும் ஆளுக்கு ஓர் உழவுச் சாலை உரம் போடாமல் விட்டுப் பார்ப்பதென்று பந்தயம்.

கை காலெல்லாம் ஆட்டி அவர் சொன்னதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலிக்குப் பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்த பிறகு என் மேலேயே எனக்குக் கோபமாக இருந்தது. ஆனாலும் ஒன்றை மறைக்க முடியாது. அவர் என்னிடம் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதும் அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு புத்தகத்தைப் படிக்காமல் எடுத்துப் போகக் கூடாது என்று தோன்றிவிட்டது. அவர் உள்ளே என்ன படிக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அடுத்ததாக ஒரு சரித்திரப் புத்தகம் எடுத்தேன். பழைய காலத்தில் நம் கரைக்குக் கப்பலில் வந்துபோன வியாபாரிகளைப் பற்றியது. முதல் இரண்டு நாள் ஒரு பக்கம் படிக்க அரை மணி ஆயிற்று. பிறகு அக்காவும் வந்து உட்கார்ந்தார். நான் சத்தமாகப் படிப்பேன், அவர் சாமையைப் புடைத்துக்கொண்டே கேட்பார். காற்று நின்றுபோய்க் கப்பல் நடுக்கடலில் பதினைந்து நாள் நகராமல் நின்றதாக ஓர் இடம் வந்தது. அக்கா முறத்தைக் கீழே வைத்தார்.

"நீ போற ஊர்ல கடலு இருக்குதாமே. பாத்தியா?"

"இல்லக்கா. ஜெயிலுக்குப் போறேன், பஸ்ஸு ஏறி வந்துடறேன்."

"அடுத்த தடவ நானும் வரேன். பாத்துட்டு வரலாம்."

அக்கா அதுவரை கள்ளக்குறிச்சியைத் தாண்டியதில்லை. உளுந்தூர்பேட்டை வரைக்கும் ஜன்னல் கம்பியை விடவில்லை. மனு முடிந்ததும் வழி கேட்டு நடந்தோம். கடலைப் பார்த்ததும் அக்கா புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் போய் நின்றார். நானும் போய் நின்றேன். அலை வந்து காலடி மண்ணை இழுத்துக்கொண்டு போனது.

"இன்னும் அவராண்ட சொல்லல, இல்ல?" என்று கேட்டார் அக்கா.

"அந்தச் சத்தத்துல எப்பிடிக்கா சொல்றது?"

"பொம்பளைங்க மட்டும் தூக்கிக்கினு திரியற சுமையா அது? அவரோடதுந்தான? சொல்லிடு."

அப்போதுதான் நான் அழுதேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடியே நின்றார். வேர்க்கடலை விற்றுக்கொண்டு வந்த ஆள் எங்களைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் தாண்டிப் போனார்.

அந்த வாரம் பெட்டியில் நான் எடுத்தது ஒரு சமயப் புத்தகம். எந்தக் காலத்திலோ ஒரு பாதிரியார் எழுதியது. எங்கள் வீட்டில் யாரும் சர்ச்சுக்குப் போனவர்கள் இல்லை. எடைக் கடையில் கிடைத்தது என்று வாங்கியிருப்பார். கருணையுள்ள கடவுள் மனிதர்களுக்கு ஏன் துன்பம் தருகிறார் என்பதுதான் புத்தகம் முழுக்க. பழைய தமிழ், ஒரு வாக்கியம் அரைப் பக்கம் போகும். விடாமல் படித்தேன். எனக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. பிறந்தும் பிறவாமலும் போகும் குழந்தைகளைப் பற்றி ஓர் அத்தியாயம் வந்தது. அந்தப் பாதிரியார் அதற்கு ஏதேதோ காரணங்கள் சொல்லியிருந்தார். ஒன்றும் எனக்குப் போதவில்லை. ஸ்கூல் சாமான்களில் இருந்த பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன்.

'இதை எழுதியவருக்குக் குழந்தை இருந்திருக்காது. நமக்கு ஒன்று இருந்தது. நீங்கள் போன வாரத்தில் போய்விட்டது. உங்களிடம் சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை.'

புத்தகத்தில் எழுதிக் கொடுக்கக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியாது. சோதனை அறை அதிகாரி வழக்கம்போல உதறிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். நாளை உள்ளே போகும், அவர் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு நாளும், இன்று அந்தப் பக்கத்துக்கு வந்திருப்பாரோ என்று நினைப்பேன்.

அடுத்த வாரம் மனு எழுதிக் கொடுத்ததும் அதிகாரி என்னை மட்டும் நிற்கச் சொன்னார். மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். மேசை இழுப்பறையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். எனக்கு, இனிமேல் பார்க்கவே விட மாட்டார்களோ என்று பயம்.

"இதுல எழுதினது நீங்கதானாம்மா?"

"தெரியாம எழுதிட்டேங்க. அழிச்சிடறேன்."

"அழிச்சிட்டுத்தான் உள்ள அனுப்பணும். அதான் சட்டம். ரப்பர்கூட எடுத்து வச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அழிக்கத் தோணல. அனுப்பவும் முடியல. இதப்போய் ஒருத்தர் தனியா உக்காந்து படிக்கக் கூடாதும்மா. நீங்களே நேர்ல சொல்லிடுங்க."

வார்டரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் என் கணவரை அந்த அறைக்கே கூட்டி வந்தார்கள். அதிகாரி எழுந்து கதவருகே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

நடுவில் வலை இல்லாமல் அவரைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. "இன்னா புள்ள, இன்னா ஆச்சி?" என்றார். நான் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தனியாவா இருந்த?"

"அக்கா இருந்தாங்க."

"ரொம்ப வலிச்சுதா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். எங்கே என்று கேட்டார். கடுக்காய் மரத்தடி என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "நான் புத்தகம் வாங்கப் போயிட்டேன்" என்றார்.

அவர் முகத்துக்கு நேரே எறிய வேண்டும் என்று நான் வாரக் கணக்கில் வைத்திருந்த வார்த்தை அது. அவரே சொன்னபோது எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. அவர் தோளில் கை வைத்து, "நீங்க இருந்திருந்தா மட்டும் ரோட்டுல கெடந்த மரத்தத் தூக்கிப் போட்டிருக்க முடியுமா? வுடுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என் பக்கத்துல படுக்கற பையன் அந்த ரோட்டுலதான் மரம் வெட்டுனானாம். கப்பல் புத்தகத்த ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டான்."

"அவன்கிட்ட இதச் சொல்லாதீங்க."

"ஏன்?"

ஏன் என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போதும் முழுசாகத் தெரியாது. அந்தப் பையன் வீட்டில் அதுவரை ஒருவர்கூட அரசாங்க வேலை பார்த்ததில்லை என்று கணவர் முன்பே சொல்லியிருந்தார். என் அண்ணன் மகனுக்குப் பின்னாளில் அதே ஒதுக்கீட்டில்தான் காலேஜில் இடம் கிடைத்தது. அந்தப் போராட்ட நாட்களில் கீழே சில ஊர்களில் கூலிக்காரர்களின் குடிசைகள் எரிந்ததையும் கேள்விப்பட்டேன். வெட்டுப்பட்ட மரத்துக்கு இந்தப் பக்கம் என் வலி இருந்தது. இத்தனையையும் ஒன்றாகச் சேர்த்து வைத்து ஒரு தீர்ப்பு சொல்ல என்னால் ஆகவில்லை. சொல்ல வேண்டாம் என்று மட்டும் தோன்றியது. அவரும் சொல்லவில்லை.

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். எழுந்தோம். வார்டர் அவரைக் கூட்டிக்கொண்டு போனதும் நான் அதிகாரியைக் கும்பிட்டேன். அவர் அதைக் கவனிக்காதவர் மாதிரி மேசையைச் சரி செய்தார். பிறகு, "இந்தப் புத்தகம் ஒரு வாரம் எங்கிட்டவே இருக்கட்டுமா? இன்னும் நாலு அத்தியாயம் பாக்கி இருக்கு" என்றார்.

"நீங்களே வச்சிக்கோங்க."

"உங்களுக்குப் பதில் கெடச்சுதா இதுல?"

"இல்லீங்க."

"எனக்கும் இன்னும் கெடைக்கல" என்றார். "எங்க வீட்லயும் ஒண்ணு போச்சு. ஆறு வயசு."

நான் வாய் திறப்பதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

கடைசியாக எடுத்துப் போனது அட்டையும் முதல் சில பக்கங்களும் இல்லாத ஒரு நாவல். பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. கணவன் வீட்டை விட்டுப் போன ஒரு பெண், அவன் பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து கூப்பிடும்போது போக மறுத்துவிடுகிறாள். அதைப் படித்து முடிக்கும் வரை எனக்குக் கை வேலை எதுவும் ஓடவில்லை. அடுப்பில் குழம்பு அடிபிடித்துப் போனது. நாவலைக் கொடுத்துவிட்டு வந்த ஆறாம் நாள் அவருக்கு ஜாமீன் கிடைத்ததென்று தகவல் வந்தது.

அழைத்து வர நான்தான் போனேன். பையும் நாவலுமாக வெளியே வந்தார். மண்புழுப் புத்தகத்தையும் கப்பல் புத்தகத்தையும் உள்ளே இருப்பவர்கள் கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டு வந்திருந்தார். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி உட்கார்ந்ததும், "அந்தப் பொம்பள அவனோட போயிருக்கணும். திருந்தித்தான வந்தான்?" என்றார்.

"எதுக்குப் போவணும்? இவன் வர வரைக்கும் அவ வாசலையே பாத்துக்கினு இருக்கணுமா?"

"அவன் மன்னிப்பு கேக்கறான் இல்ல?"

"கேட்டா? பன்னெண்டு வருஷம் திரும்பி வந்துடுமா?"

ஐந்து வாரம் வலைக்கு இரண்டு பக்கமும் நின்று கத்திப் பேசிப் பழகியிருந்தோம். பஸ்ஸிலும் அப்படியே கத்திக்கொண்டிருந்தோம் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. கண்டக்டர் வந்து, "இன்னாம்மா, வூட்டுச் சண்டய வூட்ல போய்ப் போட்டுக்கக் கூடாதா?" என்றார். முன் சீட்டில் இருந்த பெண் திரும்பி, "அந்தம்மா சொல்றதுதான் சரி. நான் கேட்டுக்கினுதான் வரேன்" என்றாள். என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது.

மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் வீட்டுக்குள் வராமல் நேரே பின்பக்கம் போனார். நானும் அக்காவும் போகவில்லை. மழை தூற ஆரம்பித்த பிறகும் அவர் மரத்தடியை விட்டு வரவில்லை. பிறகு நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். குடை எடுத்துப் போகத் தோன்றவில்லை.

வேலையில் பல மாதம் சஸ்பெண்ட் ஆகியிருந்தார். அதுவரை அக்காவின் சாமைக் கொல்லையில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இருந்தது. வழக்கு தள்ளுபடியாகி, மலையிலேயே வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இப்போதும் ஒரு புத்தகத்தைப் பிரித்துவிடுவார். ஆனால் நானும் ஒன்றைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சோறு ஆறினால் இரண்டு பேருக்கும் ஆறியது.

மூன்றாம் வருஷம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் எங்கள் மகள் பிறந்தாள். இந்தத் தடவை ஆறாம் மாதம் ஆனதுமே என்னைக் கீழே கொண்டுவந்து விட்டுவிட்டார். வலி கண்ட அன்று காலையிலிருந்து வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்த நர்ஸ், "உங்க வீட்டுக்காரர் கையில புத்தகத்த வச்சிக்கிட்டு காலையிலேருந்து ஒரே பக்கத்தப் பார்த்துக்கிட்டிருக்காரும்மா" என்றார்.

அவர் உள்ளே வந்தார். குழந்தையைத் தூக்கப் பயந்து விரலால் மட்டும் அதன் உள்ளங்கையைத் தொட்டார். அக்குளில் அந்தப் புத்தகம் இருந்தது.

"அந்தப் பக்கத்துல இன்னாதான் இருக்குது?" என்று கேட்டேன்.

விரித்துப் பார்த்தார். "தென்னம்புள்ளைக்குக் குழி எடுக்கறதப் பத்தி."

"படிங்க."

"இதயா?"

"படிங்க, கேக்கறேன்."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் படிக்க ஆரம்பித்தார். குழியின் ஆழம், அகலம், அடியில் போட வேண்டிய மணல், இரண்டு கன்றுக்கு நடுவே விட வேண்டிய இடம். அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணின் மாமியாரும் கவனமாகக் கேட்டாள். பாதிப் பக்கம் தாண்டுவதற்குள் நான் தூங்கிப்போனேன்.